தாமரை மேல் சிலுவை

முன்னோர் பலகையும் தாலியும் மரபா, மதமா? சீனாவையும் தமிழகத்தையும் ஒருசேர அலைக்கழித்த கேள்விக்கு நெய்யாற்றங்கரைக் கிராமங்கள் தங்கள் வழியில் விடை தேடிக்கொண்டன.

கல்யாண வீட்டின் கொல்லைப்புறத்தில் சீனச்சட்டி காய்ந்துகொண்டிருக்கிறது. நேந்திரங்காய் உப்பேரி பொரிகிறது. கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லைக்கு அருகில் இருக்கும் ஒற்றசேகரமங்கலத்திலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இது வழக்கமான காட்சி. எந்தக் காலத்திலோ கடல் கடந்து வந்த பாத்திரம். பெயரிலேயே பிறந்த நாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் மதம் என்ன என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

விசாரணை எல்லாம் முன்வாசலில் நடப்பவற்றுக்குத்தான். மணமகளின் கழுத்தில் தாலி ஏறலாமா, ஏறினால் அதில் சிலுவை இருக்க வேண்டுமா, புறா இருக்க வேண்டுமா? நிலவிளக்கு ஏற்றலாமா? உச்சியில் ஒரு சிறு சிலுவையைப் பொருத்திவிட்டால் அது கிறிஸ்தவ விளக்காகிவிடுமா? பொட்டு வைக்கலாமா? தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த அத்தைக்கு ஒரு பதில், லத்தீன் கத்தோலிக்கரான மாமாவுக்கு இன்னொரு பதில். பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்ட தங்கைக்குத் தாலியே ஆகாது, பொட்டுத் தங்கமும் கூடாது. சந்தனக் குறியோடு பந்தலுக்கு வரும் இந்து உறவினரும் அதே குடும்பம்தான். நாடார் சமூகத்தில் ஒரே வம்சம் இந்துவாகவும் கிறிஸ்தவராகவும் பிரிந்து கிடப்பது இந்தப் பக்கத்தில் அதிசயமில்லை.

நெய்யாற்றை ஒட்டிய ரப்பர் காடுகளும் மரச்சீனித் தோட்டங்களும் நிறைந்த இந்தப் பகுதி பழைய தென் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகாவையும் தமிழர்கள் கேட்டார்கள், கிடைக்கவில்லை. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்தது, உறவுகளைப் பிரிக்க முடியவில்லை. பாறசாலையில் பெண் எடுத்து மார்த்தாண்டத்தில் கொடுப்பது இன்றும் நடக்கிறது. ஒற்றசேகரமங்கலம் இப்போது பாறசாலை சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. அதன் பழைமையான அடையாளம் மகாதேவர் கோயில். அந்தக் கோயிலின் நிழலில் வாழ்ந்தவர்கள் சிலுவையைக் கையில் எடுத்தபோது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற பிரச்னையும் கூடவே வந்தது.

இந்தப் பிரச்னை இவர்களுக்கு மட்டும் வந்ததல்ல. இதைவிடப் பெரிய அளவில், ஒரு பேரரசரும் ஒரு போப்பும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் அளவுக்கு, இது வெடித்த இடம் சீனா.

இத்தாலியரான மத்தேயோ ரிச்சி என்ற இயேசு சபைத் துறவி 1582இல் மக்காவ் வந்து சேர்ந்தார். முதலில் பௌத்தத் துறவியின் உடை தரித்தார். சீன சமூகத்தில் மரியாதை அறிஞர்களுக்குத்தான் என்று புரிந்ததும் அறிஞர்களின் பட்டாடைக்கு மாறினார். 1601இல் பெய்ஜிங்கில் குடியேறியவர், 1610இல் அங்கேயே இறந்தார். கணிதமும் உலக வரைபடமும் அவருக்கு அரண்மனைக் கதவுகளைத் திறந்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு சீனர் வீட்டிலும் இருந்த ஒரு சிறு மரப்பலகை அவரை யோசிக்க வைத்தது.

இறந்துபோன மூதாதையரின் பெயர் எழுதிய பலகை அது. அதன் முன் ஊதுவத்தி கொளுத்துவார்கள், உணவு படைப்பார்கள், தலை தாழ்த்தி வணங்குவார்கள். இது பெற்றோருக்குச் செய்யும் மரியாதைதானே தவிர தெய்வ வழிபாடு அல்ல என்று ரிச்சி முடிவு செய்தார். கன்பூசியஸுக்கு அறிஞர்கள் செலுத்தும் வணக்கமும் அப்படித்தான் என்றார். ஆகவே கிறிஸ்தவரான சீனர் இரண்டையும் விட வேண்டியதில்லை. பின்னால் வந்த டொமினிக்கன், பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளுக்கு இது சுத்த விக்கிரக ஆராதனையாகப் பட்டது. புகார்கள் ரோமுக்குப் பறந்தன.

ரிச்சி பெய்ஜிங்கில் செய்ததை மதுரையில் செய்தவர் ராபர்ட் தெ நொபிலி. அவரும் இத்தாலியர், அவரும் இயேசு சபை. 1606இல் மதுரை வந்தவர் கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார், மாமிசத்தை விட்டார், சமஸ்கிருதமும் தமிழும் கற்றார். மதம் மாறிய பிராமணர்கள் பூணூலையும் குடுமியையும் வைத்துக்கொள்ளலாம், சந்தனம் பூசலாம், வழக்கப்படி நீராடலாம் என்றார். அவை குலத்தின் அடையாளங்கள், மதத்தின் அடையாளங்கள் அல்ல என்பது அவர் வாதம். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதை ஏற்றுக்கொண்டார்.

இரண்டு நாட்டுப் பிரச்னையையும் தீர்த்து வைக்க ரோம் அனுப்பியது ஒரே ஆளை. போப்பின் தூதராக வந்த தூர்னோன் சீனா போகும் வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். உடல்நலம் இல்லாததால் மதுரை மிஷனின் உள்நாட்டுக் கிராமங்களை அவர் பார்க்கவே இல்லை. ஆனாலும் 1704 ஜூனில் நீளமான ஒரு ஆணையில் கையெழுத்திட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கும் சடங்கு கூடாது, நெற்றியில் நீறு கூடாது, கிறிஸ்தவ இசைக்காரர்கள் கோயில்களில் வாசிக்கக்கூடாது என்று தடைகள் வரிசையாக வந்தன.

அதே ஆணையில் வேறு வகை விதிகளும் இருந்தன. மாதவிலக்கான பெண்களைத் தேவாலயத்துக்கு வராமல் தடுக்கக்கூடாது. நோயாளியான தாழ்த்தப்பட்டவருக்கு இறுதி அருட்சாதனம் கொடுக்கப் பாதிரியார் அவருடைய குடிசைக்கே போக வேண்டும். இதைச் சொல்ல வேண்டிய அவசியம் ஏன் வந்தது? உயர்சாதியினரின் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளத் தாழ்த்தப்பட்டோரின் வீட்டு வாசலை மிதிக்காமல் இருப்பதும் 'நாட்டு வழக்கம்' என்ற பட்டியலில் சேர்ந்துவிட்டிருந்தது. குடுமிக்கும் சந்தனத்துக்கும் சொன்ன அதே நியாயம் தீண்டாமைக்கும் சொல்லப்பட்டது.

தூர்னோன் அங்கிருந்து சீனாவுக்குப் போனார். 1692இல் கிறிஸ்தவத்துக்கு அனுமதி கொடுத்திருந்த காங்ஷி பேரரசர், சீன எழுத்தே தெரியாதவர்கள் சீனச் சடங்குகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதா என்று சினந்தார். ரிச்சியின் வழியில் நடப்போம் என்று உறுதி தரும் பாதிரியார்கள் மட்டும் நாட்டில் தங்கலாம் என்று உத்தரவிட்டார். தூர்னோன் மக்காவில் காவலில் வைக்கப்பட்டு 1710இல் இறந்தார். 1715இல் போப் மீண்டும் தடையை உறுதி செய்ய, 1721இல் அதைப் படித்த காங்ஷி இனி மதப் பிரசாரமே வேண்டாம் என்று முடிவு கட்டினார். அவருடைய மகன் 1724இல் கிறிஸ்தவத்தைத் தடை செய்தார். ஒரு மரப்பலகைக்காக ஒரு நாட்டின் கதவு மூடிக்கொண்டது.

போப் பதினான்காம் பெனடிக்ட் 1742இல் சீனச் சடங்குகளுக்கும், 1744இல் தமிழகத்தின் 'மலபார் சடங்கு'களுக்கும் இறுதித் தடை போட்டார். அங்கே போகும் பாதிரியார் ஒவ்வொருவரும் இதைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். ஆனால் 1744 ஆணையில் ஒரு சலுகை இருந்தது. தாழ்த்தப்பட்டோரின் குடிசைக்குப் போகத் தயங்கியவர்களுக்காக, அவர்களுக்கென்றே தனிப் பாதிரியார்களை நியமித்துக்கொள்ளும் ஏற்பாட்டை ரோம் ஏற்றுக்கொண்டது. தாலியில் காட்டிய கண்டிப்பை ரோம் சாதியில் காட்டவில்லை.

இந்தப் பெரிய சண்டையின் சின்ன எதிரொலி ஒன்று நீலகிரி மலையிலும் கேட்டது. நடுவட்டம் சிங்கோனாத் தோட்டத்தில் வேலை செய்ய 19ஆம் நூற்றாண்டில் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே சில சீனர்கள் தமிழ்ப் பெண்களை மணந்து குடியேறினார்கள். காய்கறி பயிரிட்டார்கள், காப்பி வளர்த்தார்கள், மாடு வைத்துப் பால் விற்றார்கள். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன், இப்படியொரு குடும்பத்தைச் சந்தித்ததை எழுதிவைத்திருக்கிறார். குடும்பத் தலைவரான சீனருக்கு ஒரே ஒரு மனக்குறைதான். கிறிஸ்தவராக மாறியபோது தன் பின்னல் சடையை வெட்ட வேண்டியதாகிவிட்டதாம்.

மனைவி தமிழ், தொழில் தோட்டம், தெய்வம் புதிது. பிறந்த நாட்டிலிருந்து அவர் தலையில் சுமந்துவந்த ஒரே சொத்து அந்தச் சடை. அதையும் கத்தரித்துவிட்டார்கள். மதுரைப் பிராமணரின் குடுமிக்கு 1623இல் ரோம் கொடுத்த சலுகை, நடுவட்டத்துச் சீனரின் சடைக்குக் கிடைக்கவில்லை. குடுமி விவகாரம் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளையும் விடவில்லை. இடையன்குடியில் இருந்த கால்டுவெல், குடுமி மதச் சின்னமா, வெறும் நாட்டு வழக்கமா என்று ஆராய்ந்து 1867இல் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார்.

ஆனால் அந்தச் சடையின் கதையை இன்னும் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் விஷயம் சிக்கலாகிறது. அது சீனர்கள் விரும்பி வளர்த்ததல்ல. மஞ்சூரியாவிலிருந்து வந்து சீனாவைப் பிடித்த மஞ்சு அரசர்கள் 1645இல் போட்ட கட்டளை அது. முன் தலையை மழித்துப் பின்னால் சடை விடாதவர்களுக்குத் தண்டனை மரணம். எத்தனையோ பேர் மறுத்து உயிரை விட்டார்கள். இரண்டு நூற்றாண்டு கழித்து, அடிமைத்தனத்தின் அடையாளமாகத் தொடங்கியது சீன அடையாளமாகவே ஆகிவிட்டது. 1911 புரட்சியில் சீன இளைஞர்கள் அதைத் தாங்களே வெட்டி எறிந்தார்கள். நடுவட்டத்தில் பாதிரியார் வெட்டச் சொன்னபோது அது இழப்பு. தாங்களே வெட்டிக்கொண்டபோது அது விடுதலை.

இந்த வித்தியாசம் தென் திருவிதாங்கூர் மக்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒன்று. அவர்களுக்கு 'மரபு' என்ற சொல் முதலில் அறிமுகமானதே ஒரு தடையாகத்தான்.

ஜெர்மானியரான ரிங்கல்தௌபே 1806இல் லண்டன் மிஷன் சார்பில் தென் திருவிதாங்கூருக்குள் வந்து மயிலாடியில் முதல் சபையைத் தொடங்கினார். பின்னர் நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை என்று மிஷன் பரவியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நாடார்களும் அவர்களைவிடத் தாழ்த்தப்பட்டவர்களும். அந்தப் பெண்கள் மார்பை மறைத்து ஆடை உடுத்தக்கூடாது என்பது நாட்டு வழக்கம். கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கியதும் கலகம் வெடித்தது. 1829இல் அரசு ஒரு விளம்பரம் வெளியிட்டது. குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மேலாடை உடுத்தக்கூடாது. 1858-59இல் மீண்டும் கலவரம். ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. சென்னை கவர்னரின் நெருக்குதலுக்குப் பிறகு 1859 ஜூலை 26ஆம் தேதி மகாராஜா உத்திரம் திருநாள் நாடார் பெண்கள் எல்லோரும் மேலுடம்பை மறைக்க அனுமதி தந்தார். அப்போதும் உயர்சாதிப் பெண்களின் பாணி மட்டும் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது.

மரபைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசியவர்கள் இங்கே தீ வைத்தவர்களின் பக்கம் நின்றார்கள். மரபை மீறிய பெண்கள் அடிபட்டார்கள். சீனக் கிறிஸ்தவர் முன்னோர் பலகையை விடச் சொன்னபோது எதை இழந்தாரோ, அதற்கு நேர் எதிரானது இங்கே கிடைத்தது.

கிறிஸ்தவராகாமலே இந்தப் பாடத்தைப் படித்தவர்களும் உண்டு. தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களை, சாமிதோப்பு அய்யா வைகுண்டர் தலைப்பாகையோடு வந்து வணங்கச் சொன்னார். ஒற்றசேகரமங்கலத்தை ஒட்டி ஓடும் அதே நெய்யாற்றங்கரையில், அருவிப்புறத்தில், 1888இல் ஸ்ரீ நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார். பிராமணர் மட்டுமே செய்யலாம் என்றிருந்த காரியத்தை ஈழவ சமூகத்துத் துறவி செய்தார். சிவலிங்கம் மாறவில்லை. அதைத் தொடும் கை மாறியது.

இந்த மண்ணின் முதல் பெரிய சாட்சியான தேவசகாயத்தின் கதையிலும் இதே முடிச்சு இருக்கிறது. பாறசாலைக்கு எல்லை தாண்டினால் வரும் மார்த்தாண்டத்தின் பக்கத்தில் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் அதிகாரி. 1745 மே 14ஆம் தேதி வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். ரோமின் 1744 ஆணை வந்து எட்டே மாதம் ஆகியிருந்தது. தாழ்ந்த சாதியினரோடு வித்தியாசமில்லாமல் பழகியது அவர் மேல் கோபத்தை வளர்த்தது என்று திருச்சபை வரலாறு சொல்கிறது. 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் தேதி போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு இருந்த 'பிள்ளை' நீக்கப்பட்டிருந்தது. சாதிப் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று குமரி மாவட்டத்துக் கத்தோலிக்கர்களே கேட்டிருந்தார்கள்.

அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்திலோ, 19ஆம் நூற்றாண்டில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிக் கூடங்கள் வைத்து இரண்டு கால் போலத் தேவாலயம் கட்டினார்கள். நடுவில் சுவர். பலிபீடம் ஒன்று, பார்க்கும் கண்கள் இரண்டு பக்கம். 1910இல் பங்குத்தந்தை கவுசானல் அந்தச் சுவரை இடிக்கும் வரை அதுவும் வழக்கமாகவே நின்றது.

ரோம் மனம் மாறுவதற்கு இரண்டு நூற்றாண்டு பிடித்தது. 1939 டிசம்பர் 8ஆம் தேதி வாடிகன், கன்பூசியஸுக்கு மரியாதை செய்வதும் முன்னோர் பலகைக்குத் தலை வணங்குவதும் சமூக வழக்கங்களே என்று அனுமதித்தது. மறு ஆண்டு மலபார் சடங்குகளுக்கு எதிரான சத்தியமும் ரத்தாயிற்று. தைவானில் கர்தினால் யூ பின் 1971 சீனப் புத்தாண்டில் முன்னோர் வணக்கச் சடங்கைத் தானே தலைமை தாங்கி நடத்தினார். ரிச்சி வென்றுவிட்டார்.

வென்ற பிறகும் பிரச்னை தீரவில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர்களான சீனக் கிறிஸ்தவர்களைக் கேட்டால் தெரியும். கத்தோலிக்கர் இறந்தவரின் படத்துக்கு முன் ஊதுவத்தி கொளுத்தி வணங்குவார். புத்தாண்டுப் பூசையில் ஆரஞ்சுப் பழங்களை மந்திரித்து வாங்கிக்கொள்வார். புராட்டஸ்டண்ட் உறவினர் பலருக்கு ஊதுவத்தியைத் தொடுவதே பாவம். தாத்தாவின் இறுதிச் சடங்கில் மூத்த பேரன் வத்தி பிடிக்க மாட்டேன் என்று நின்றால், குடும்பத்துக்கு அது மதப் பிரச்னையாகத் தெரிவதில்லை, அவமதிப்பாகத் தெரிகிறது. டிராகன் இன்னொரு தலைவலி. சீனருக்கு அது மழையும் மங்கலமும் அரச கம்பீரமும். சீன பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் சாத்தானுக்கும் அதே சொல்தான். புத்தாண்டுச் சிவப்புக் காகிதத்தில் டிராகன் வரையலாமா என்று சபைகளில் இன்னும் விவாதம் நடக்கிறது.

தமிழ் பைபிளில் அந்தச் சொல் 'வலுசர்ப்பம்'. அதைச் சர்ப்பக்காவுகள் இருக்கும் ஊரில் உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. வீட்டின் தென்மேற்கு மூலையில் விளக்கு வைத்துக் கும்பிட்ட நாகம் ஒரே நாளில் எதிரியாகிவிட்டது.

முன்னோர் விஷயத்தில் நெய்யாற்றங்கரை சண்டையில்லாமல் வழி கண்டுபிடித்துக்கொண்டது. கர்க்கடக அமாவாசைக்கு அருவிப்புறம் ஆற்றங்கரையில் இந்துக்கள் கூட்டம் கூட்டமாகப் பலி தர்ப்பணம் செய்கிறார்கள். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, குடும்பத்தோடு நிற்கிறார்கள். சீனர்கள் ஏப்ரல் தொடக்கத்தில் சிங்மிங் நாளில் செய்வதும் இதேதான்: கல்லறையைச் சுத்தம் செய்து, இறந்தவரோடு சற்று நேரம் இருப்பது. கிறிஸ்தவ வீடுகளில் 41ஆம் நாள் ஜெபமும் சாப்பாடும் தவறுவதில்லை. கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. துக்கத்துக்கு ஒரு கால அளவு வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பாட்டிலும் அப்படி. நெய்யாற்றின்கரையை அடுத்த திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் மலையாளக் கீர்த்தனைகள் எழுதினார். தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் தமிழில் போட்டுக்கொடுத்த பாதை அது. இன்று பல சபைகளில் அவை ஒலிக்கின்றன. ராகம் கோயிலிலிருந்து வந்ததா, அரண்மனையிலிருந்து வந்ததா என்று கேட்டு யாரும் பாடுவதை நிறுத்தவில்லை.

ஆனால் இந்த இணக்கத்தை மேலிருந்து கீழே இறக்கப் பார்த்தபோது வேறு குரல்கள் எழுந்தன. 1969 ஏப்ரலில் வாடிகன் இந்தியக் கத்தோலிக்க வழிபாட்டுக்குப் பன்னிரண்டு மாற்றங்களை அனுமதித்தது. செருப்பைக் கழற்றுவது, கைகூப்பி வணங்குவது, ஆரத்தி எடுப்பது, எண்ணெய் விளக்கு ஏற்றுவது போன்றவை. பெங்களூரில் அமலோற்பவதாஸ் அடிகள் இதற்காகப் பாடுபட்டார். பழைமைவாதிகள் இது இந்துமயம் என்று கூச்சலிட்டார்கள். அதைவிடக் கூர்மையான கேள்வி தலித் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. கோயிலுக்குள் விடப்படாததால்தான் நாங்கள் வெளியே வந்தோம், அந்தக் கருவறையின் சின்னங்களையே 'இந்தியப் பண்பாடு' என்று இங்கேயும் கொண்டுவந்தால் எங்கே போவது?

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு இதற்கு வேறு வழி பார்த்தார். கீர்த்தனையை விட்டு நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். சேரியின் இசை பீடத்துக்கு முன்னால் வந்தது. இதிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. சாவுக்குப் பறையடிக்கும் கட்டாயத்திலிருந்து தப்பிக்கவே கிறிஸ்தவரான குடும்பங்கள் பறையைத் தொட மறுத்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே பறையைப் பெருமையோடு தோளில் மாட்டிக்கொண்டார்கள். நடுவட்டத்துச் சடையைப் போலத்தான். யார் சொல்லி எடுத்தது, யார் சொல்லி விட்டது என்பதைப் பொறுத்துச் சின்னத்தின் அர்த்தமே மாறிவிடுகிறது.

ரிச்சியும் தூர்னோனும் கேட்டது ஒரே கேள்விதான்: இது மரபா, மதமா? பதில்தான் வேறு. தென் திருவிதாங்கூர் மக்கள் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டார்கள்: இதனால் தலை குனிய வேண்டியவர் யார்? தாலியில் பிள்ளையாருக்குப் பதில் சிலுவை வந்தபோது யாரும் தாழ்ந்துபோகவில்லை, அதனால் அது நின்றது. நிலவிளக்கு நின்றது. திருவிழாக் கொடியேற்றம் நின்றது, செண்டை மேளமும் முத்துக்குடையும் நின்றன. மேலாடைத் தடை போனது. நடுச்சுவர் இடிந்தது. பெயரின் வால் உதிர்ந்தது. ரோமின் ஆணைகள் போட்ட கோட்டைவிட இந்தக் கோடு நேராக இருக்கிறது.

கோடு முழுமையாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கல்யாணப் பேச்சில் சபை எது என்பதற்கு முன்னால் சாதி எது என்று விசாரிக்கும் வழக்கத்தை எந்த ஞானஸ்நானமும் கழுவிவிடவில்லை. அந்த மரபுக்கு மட்டும் எல்லாச் சபைகளிலும் இடம் கிடைத்துவிடுகிறது. தாலியைக் கழற்றி வைத்த சபைகளும் இதில் விலக்கல்ல.

ஒற்றசேகரமங்கலத்திலிருந்து மலைப்பக்கம் போனால் வெள்ளறடை. அங்கே மாநில எல்லையில் தெற்கன் குரிசுமலை நிற்கிறது. நோன்புக் காலத்தில் சிலுவை சுமந்து ஜனங்கள் ஏறுகிறார்கள். பக்கத்திலேயே காளிமலை, அதன் உச்சியில் தேவியின் கோயில். அங்கேயும் ஜனங்கள் நடந்தேதான் ஏறுகிறார்கள். வேண்டுதலோடு மலை ஏறும் வழக்கம் இரண்டு மலைக்கும் பொது.

கீழே, தென்னிந்தியத் திருச்சபைத் தேவாலயங்களின் பெயர்ப்பலகைகளில் ஒரு முத்திரை இருக்கும். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி பல சபைகள் ஒன்றாகி உருவான திருச்சபை அது. முத்திரையில் சிலுவையோடு தாமரை இதழ்கள் விரிந்திருக்கும். இதை யாரோ புதிதாகக் கற்பனை செய்ததாகப் பலர் நினைக்கிறார்கள். சென்னைப் பரங்கிமலையில் 1547இல் கிடைத்த பழைய கற்சிலுவையின் அடியில் தாமரை இருக்கிறது. கோட்டயம் வலியபள்ளியின் பழைய சிலுவையிலும் இருக்கிறது. சீனாவின் ஷியான் நகரில் 781இல் நட்ட கல்வெட்டின் உச்சியிலும் ஒரு சிறிய சிலுவை, கீழே தாமரை, சுற்றிலும் மேகம். பாரசீகத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் இரண்டு நாட்டுக்கும் சிலுவையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாட்டுச் சிற்பிகளும் அதைத் தங்களுக்குத் தெரிந்த பூவின் மேல் நிற்க வைத்தார்கள். அதற்கு எந்தப் போப்பின் அனுமதியும் தேவைப்படவில்லை.

பந்தலில் சாப்பாட்டுக்கு இலை போட்டாகிவிட்டது. சந்தனக் குறி வைத்த மாமாவும், பொட்டு வைக்காத அத்தையும், நகை போடாத தங்கையும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் இந்த ஊர்களில் பந்தி இப்படி உட்கார்ந்திருக்காது. சீனச்சட்டியிலிருந்து எடுத்த உப்பேரி எல்லா இலைக்கும் வருகிறது.